மத்ரோனாவின் பங்கு

உப்பு ஏரிக்கு வடக்கே, அங்கிராவுக்குப் போகும் பெருவழியை ஒட்டியிருக்கும் எங்கள் ஊரில், கம்பளி சிக்கெடுக்கிற மத்ரோனா வீடு எது என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். சாப்பாட்டு மத்ரோனா என்று கேட்டால் போதும், தடுக்கி விழுந்தவன்கூடக் கை காட்டுவான். அந்தப் பேருக்காக அவள் யாரையும் கோபித்துக்கொண்டதில்லை. "தின்னதைத் தின்னேன்னு சொல்றேன். தின்னுட்டு வாயைத் துடைச்சிக்கிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரிப் போறவளா நானு?" என்பாள்.

வதவதவென்று பிள்ளைகள் பெற்ற ஓர் இடையன் வீட்டில் கடைசியாகப் பிறந்தவள். மேய்த்த ஆடெல்லாம் ஊரார் ஆடு, பசி மட்டும்தான் சொந்தம். வாற்கோதுமை ரொட்டி அடுப்பிலிருந்து இறங்கும்போதே முந்துகிற கைக்குத்தான் கிடைக்கும் என்பதால், சூடு தாங்கும் கையோடு வளர்ந்தாள். பிறகு உப்பு வண்டி ஓட்டும் மானேஸுக்கு வாழ்க்கைப்பட்டாள். அவன் நல்ல மனுஷன். தன் ரொட்டியில் ஒரு துண்டைப் பேசாமல் அவள் பக்கம் தள்ளிவிடுவான். மகள் கிரில்லா நடை பழகுவதற்குள், ஒரு பனிக்காலத்தில், வண்டி சரிவில் உருண்டு அவன் போய்ச் சேர்ந்தான்.

மத்ரோனா அழவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று தெருவே வாய்விட்டுப் பேசியது. கல்நெஞ்செல்லாம் இல்லை. சிலருக்குப் பாட்டு வராது, சிலருக்கு நீச்சல் வராது, இவளுக்கு அழுகை வராது, அவ்வளவுதான். புதைத்துவிட்டு வந்த அன்றைக்கே உட்கார்ந்து, இருக்கிற கம்பளியையெல்லாம் சிக்கெடுத்தாள். இரும்புச் சீப்பின் பல் பட்டு விரலெல்லாம் கீறிப்போயிருந்தது.

அவள் வேலை செய்தது ஊரிலேயே பெரிய கம்பளிக் கொட்டடியில். முதலாளியம்மா வீட்டில் மிஞ்சிய கஞ்சியும் காய்ந்த ரொட்டியும் மத்தியானத்தில் கொல்லைவாசலுக்கு வரும். காவல் நாய்க்கு வைக்கும் நேரமும் அதுதான். பக்கத்தில் உட்கார்ந்து சிக்கெடுக்கிற பசில்லா ஒருநாள் வேலையைச் சீக்கிரம் முடித்து, முகம் கழுவிக்கொண்டாள்.

"ஏண்டி, வாரத்துக்கு ஒருநா சாயங்காலம் எங்கேயோ மினுக்கிக்கிட்டுப் போறியே, யாரது?" என்றாள் மத்ரோனா.

"சீ, வாயைக் கழுவு. சபைக்குப் போறேன்."

"அங்க என்ன தர்றாங்க?"

"சாப்பாடு போடுவாங்க. ஆனா முன்னாடி ரொம்ப நேரம் பேசுவாங்க."

"பேசட்டுமே. காது சும்மாதானே கெடக்கு."

இப்படித்தான் அவள் சபைக்கு வந்தாள். எங்கள் ஆட்களில் சிலர் கனவு கண்டு வந்தவர்கள், சிலர் பேய் நீங்கி வந்தவர்கள். மத்ரோனா பசித்து வந்தவள். அன்றைக்குப் பருப்பும் வெங்காயத்தாளும் ஆட்டுப் பாலாடைக்கட்டியும் இருந்தன. நீளப் பாயில் எல்லாரும் கலந்து உட்கார்ந்தார்கள். அவளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது யார் என்று பார்த்தால், கொட்டடி முதலாளியம்மா. மத்ரோனா எழப்போனாள். முதலாளியம்மா அவள் கையைப் பிடித்து உட்காரவைத்து, ரொட்டியைப் பிட்டு, முதல் துண்டை அவளிடம் நீட்டி, "சாப்பிடு, சகோதரி" என்றாள். சகோதரி என்று யாரைச் சொல்கிறாள் என்று மத்ரோனா பின்னால் திரும்பிப் பார்த்தாள். பின்னால் சுவர்தான் இருந்தது.

அன்று அவள் கொஞ்சமாகத்தான் சாப்பிட்டாள். பசில்லாவுக்கு அதுவே அதிசயம். வீட்டுக்குப் போகும் வழியில், "ஏண்டி, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். "தொண்டையில எறங்கலடி. அந்தம்மா தட்டுல என் கையும் இருந்துச்சு, பார்த்தியா?" என்றாள் மத்ரோனா.

சாப்பாடு யாருக்கும் உண்டு. ஆனால் கர்த்தருடைய அப்பம் வேறு. அது ஞான முழுக்குப் பெற்றவர்களுக்கு மட்டும், காலையில், கதவைச் சாத்திக்கொண்டு. அதற்காக அவள் வருஷக்கணக்கில் காத்திருந்து, வேதம் கேட்டு, பஸ்கா விடியலில் ஆற்றுத் தண்ணீரில் பல் கிட்டிப்போய் முழுக்குப் பெற்றாள். முதல் தடவை அந்தத் துண்டு வாய்க்குள் போனபோது என்ன நினைத்தாய் என்று கிரில்லா பின்னாளில் கேட்டிருக்கிறாள். "இனிமே எனக்குன்னு ஒரு பங்கு இருக்கு, யாரும் முந்திக்கிட முடியாதுன்னு நெனச்சேன்" என்று சொன்னாளாம். அந்த இடையன் வீட்டின் கடைசிப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று சொல்லத் தேவையில்லை.

பிறகு கலாபனை வந்தது, எங்கள் ஆட்களை வேட்டையாடிய காலம். ரோமாபுரி ராயர் கட்டளை, ஊரில் ஒவ்வொருவரும் தேவர்களுக்குத் தூபம் போட்டுப் பலி விருந்தில் கை நனைக்க வேண்டும். எங்கள் மூப்பர் துரோபிமோஸ் அப்போது இளம் வயது, குரல் கணீரென்று இருக்கும். கடைசிக் கூட்டத்தில், "அழைப்பு வந்தால் பயப்படாதீர்கள். மணவாளன் கூப்பிடுகிறார். கல்யாணத்துக்குப் போவது போலப் போங்கள்" என்று பிரசங்கம் செய்தார். செய்துவிட்டு, மறுவாரம் மலைக்கு ஓடி, ஒரு குகையில் ஒளிந்துகொண்டார். ஓடுவது பாவமில்லை, வேதத்திலேயே இடம் உண்டு. இருந்தாலும் எனக்கு அது நெஞ்சில் முள்ளாகத்தான் இருக்கிறது.

மத்ரோனாவோ சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்கிறவள். சேவகர்கள் தெருவுக்கு வந்ததும், பெட்டியைத் திறந்து, மானேஸைக் கட்டிய அன்று உடுத்திய அங்கியை எடுத்து உடுத்திக்கொண்டாள். மஞ்சிட்டிச் சாயத்தில் நெருப்பாகச் சிவந்த அங்கி. தலையை வாரி, காதில் இருந்த செப்புத் தோட்டைத் துடைத்துக்கொண்டாள். பசில்லா கிழிந்த பழைய போர்வையோடு வந்தவள், இவளைப் பார்த்துத் திகைத்துப்போனாள்.

"என்னடி கோலம் இது?"

"கல்யாணத்துக்குப் போற மாதிரிப் போகச் சொன்னாருல்ல? சாகப்போறோம். அழுக்குத் துணியோடவா போய் நிக்கிறது?"

தானியக் கிடங்கில் போட்டுப் பூட்டினார்கள். அன்றைக்கே வெட்டிவிடுவார்கள் என்று நினைத்துத்தான் அவள் போனாள். வெட்டியிருந்தால் இந்தக் கதையே வேறு. ஊர் அதிகாரிக்கு அவசரமில்லை. நாள் நாளாகச் சோறு தண்ணீர் காட்டாமல் போட்டுவைத்தான். சாவுக்குத் தயாராக வந்தவளுக்குப் பசிக்குத் தயாராகத் தெரியவில்லை. பிறகு ஒரு காலையில் கிரில்லாவைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தினான். பன்னிரண்டு வயசுப் பெண். "நீ போடலைன்னா இவ அரசாங்க நெசவுக் கூடத்துக்குப் போவா. அப்புறம் நீ எந்தச் சாமிகிட்ட வேணா கேட்டுக்க, வரமாட்டா" என்றான்.

மத்ரோனா தூபம் போட்டாள். பாதி வெளியே சிந்தியது. அதிகாரி இன்னொரு சிட்டிகை எடுக்கச் சொன்னான், எடுத்துப் போட்டாள்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. நிலாத் தெய்வமான மேன் கோயில் முற்றத்தில் நீளப் பலகைகள் போட்டுக் காளைக் கறி பரிமாறிக்கொண்டிருந்தார்கள். உட்காரவைத்து முன்னால் வைத்தார்கள். மத்ரோனா தின்றாள். அழுதுகொண்டோ முகத்தைச் சுளித்துக்கொண்டோ அல்ல, பசித்தவள் தின்பது போலத் தின்றாள். போனது போயாச்சு, இனி எனக்கு என்ன இருக்கிறது என்ற எண்ணம் ஒரு பக்கம். கறியின் வாசனை ஒரு பக்கம். கொழுப்போடு இன்னொரு துண்டு வேண்டும் என்று கேட்டு வாங்கினாள். பக்கத்தில் பசில்லாவும் குனிந்த தலை நிமிராமல் தின்றாள். அடுப்புப் புகை அவள் பக்கம் அடித்து, அவள் கண்ணில் நீர் வழிந்தது. முற்றம் முழுக்க உட்கார்ந்திருந்த சாம்பலும் கறுப்புமான கூட்டத்தில் ஒரே ஒரு சிவப்பு அங்கி. அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் எல்லாருக்கும் அது நினைவிருந்தது.

ராயர்கள் மாறினார்கள், கட்டளையும் மாறியது. ஓடியவர்கள் திரும்பினார்கள். மூப்பர்களுக்கெல்லாம் மேலான கண்காணியாரும் வந்தார், மூப்பரும் வந்தார், சபை வீட்டுக்குப் புதுக் கூரை போட்டார்கள். தூபம் போட்டவர்களை மட்டும் என்ன செய்வது என்று தெரியவில்லை. எல்லாரும் வாசலுக்கு வெளியே நின்றோம், ஆம், நானும்தான். பிறகு கண்காணியார், அங்கிராவில் பல ஊர்க் கண்காணிகள் கூடிய சங்கத்துக்குப் போய், ஒரு முடிவோடு வந்தார். பலி விருந்துக்கு நல்ல உடுப்பு உடுத்திப் போய்ச் சந்தோஷமாகத் தின்றவர்களுக்கு ஆறு வருஷம் அப்பமில்லாத தவம். துக்க உடுப்போடு போய், தின்ற நேரமெல்லாம் அழுதவர்களுக்கு அதில் பாதி. மனிதன் மனசை எதைக்கொண்டு அளப்பது என்று தெரியாமல் உடுப்பையும் கண்ணீரையும் வைத்து அளந்திருக்கிறார்கள். வேறு எதை வைத்து அளப்பது என்று என்னைக் கேட்டால் எனக்கும் தெரியாது. ஆனால் நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். பசில்லா முதலில் போனாள். கிழிந்த போர்வை என்றாள், அழுதேன் என்றாள். பார்த்தவர்களும் ஆமாம், கண்ணில் நீர் வழிந்தது என்றார்கள். திரும்பி வரும்போது மத்ரோனாவின் இடுப்பில் கிள்ளி, "அழுதேன்னு சொல்லிடுடி. பொகை யாரு கண்ணுலதான் படல?" என்று முணுமுணுத்தாள்.

கண்காணியார் வயசானவர், கொடுமைக்காரரல்ல. தாழ்ந்த குரலில்தான் கேட்டார்.

"என்னம்மா உடுத்தியிருந்தே?"

"செவப்பு அங்கிங்க. கல்யாண அங்கி."

"பலி விருந்துக்கா கல்யாண அங்கி?"

"விருந்துக்கு இல்லீங்க ஐயா, சாகறதுக்கு. மூப்பரய்யாதான் கல்யாணத்துக்குப் போற மாதிரிப் போங்கன்னு சொன்னாரு."

துரோபிமோஸ் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். தரையைப் பார்த்தார்.

"சாகலியே அம்மா."

"இல்லீங்க."

"விருந்துக்குத்தானே அதோட போனே?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "ஆமாங்க. மாத்திக்க வேற துணி இல்லீங்க" என்றாள்.

"சாப்பிடறப்ப அழுதியா?"

"இல்லீங்க."

"ஒரு சொட்டுகூட?"

"எனக்கு அழுகை வராதுங்க ஐயா. என் புருஷன் செத்ததுக்கே வரல."

"மனசாவது கலங்கிச்சா?"

"தூபம் போட்டப்ப கலங்கிச்சு. சாப்பிடறப்ப..." அவள் மேலாடை நுனியைப் பிடித்துக்கொண்டாள். "பசிங்க. கறி நல்லா இருந்துச்சு. இன்னொரு துண்டு கேட்டு வாங்கினேன்."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கண்காணியார் சிரிக்கவில்லை. ஆறு வருஷம் என்று சொல்லும்போது அவர் குரல் இறங்கிப்போனது. பொய் சொன்னவர்களுக்குப் பாதி, மெய் சொன்னவளுக்கு முழுசு. வெளியே வந்ததும் பசில்லா அவளைப் பிடித்து உலுக்கினாள். "உன் வாயை வச்சிக்கிட்டுச் சும்மா இருந்தா என்னடி? அந்த ரெண்டாவது துண்டை யாருடி கேட்டா?" என்று அழுதே விட்டாள்.

"கேட்டாங்களே. கர்த்தர் வீட்டுக்குள்ள போறதுக்குக் கர்த்தர் வீட்டுலயே பொய் சொல்லச் சொல்றியா?"

பிறகு வாசல். எங்கள் சபை வாசல் வடக்குப் பார்த்தது. குளிர்காலத்தில் வாடைக்காற்று நேரே வந்து அடிக்கும். முதல் வருஷம் வாசலுக்கு வெளியே நின்று வேதம் கேட்டுவிட்டுப் போக வேண்டும். பிறகு உள்ளே, கடைசியில் முழங்காலில். பிறகு நின்று ஜெபத்துக்கு மட்டும். அப்பம் எடுக்கும் முன்னால் சபை உதவிக்காரர், "தவத்தில் இருக்கிறவர்கள் போகலாம்" என்று கூப்பிடுவார். போக வேண்டும். கதவு சாத்தும். அந்தக் கதவு சாத்தும் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். சாத்துகிறவர் மெதுவாகத்தான் சாத்துவார், அது இன்னும் மோசம்.

தெருவில் போகிறவர்களுக்கு அது ஒரு வேடிக்கை. "என்ன மத்ரோனா, உள்ள பந்தி இன்னும் முடியலியா?" என்று கேட்பான் எதிர்க்கடைத் தோல்காரன். "எங்க மேன் சாமிகிட்ட வா. ஒரு தடவை சாப்பிட்டதை ஆறு வருஷம் கணக்குப் பார்க்கமாட்டாரு."

"உங்க சாமி கறி போடுவாரு. ஆனா பக்கத்துல உக்காரமாட்டாரே" என்பாள் இவள். அவனுக்கு அது விளங்காது.

முதலாளியம்மாவுக்கு இவள்மேல் இரக்கம்தான். கூட்டச் சாப்பாட்டில் மிஞ்சியதை ஒரு தட்டில் வைத்து வாசலுக்குக் கொடுத்தனுப்பினாள். மத்ரோனா தட்டைப் பார்த்தாள். பருப்பும் வெங்காயத்தாளும்தான். "பசியில்லைன்னு சொல்லிடு" என்று திருப்பி அனுப்பினாள். அந்த வாயிலிருந்து அந்தச் சொல் அதற்கு முன் வந்ததில்லை.

பசில்லாவின் தவம் முடிந்தது. அவள் உள்ளே போனாள். இன்னும் பலர் போனார்கள், நானும் போனேன். நான் என்ன சொல்லிப் பாதி வாங்கினேன் என்று கேட்காதீர்கள். மத்ரோனா முழங்காலில் இருந்த மூன்றாம் வருஷம், வெயில் காலத்தில், விஷக் காய்ச்சல் அவளைப் படுக்கையில் தள்ளியது. வாய் பிதற்றி, கண் செருகிவிட்டது. கிரில்லாவுக்கு அதற்குள் கல்யாணம் ஆகியிருந்தது, தெருக்கோடி வீடு. அவள் ஓடிப்போய் மூப்பரைக் கூப்பிட்டாள். சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்குத் தவம் முடியாவிட்டாலும் அப்பம் கொடுக்கலாம், அதற்கு விதி உண்டு. துரோபிமோஸ் கேட்ட மாத்திரத்தில் வந்தார். வெள்ளைத் துணியில் பொதிந்து கொண்டுவந்த துண்டைத் திராட்சரசத்தில் நனைத்து, அவள் உதட்டைப் பிரித்து வைத்தார். மத்ரோனா விழுங்கினாள். கண்ணைத் திறந்து, "உள்ள வந்துட்டேனா ஐயா?" என்று கேட்டாள். "வந்துட்டே, அம்மா" என்றார் அவர். அந்த ஒரு சொல்லுக்காகவே அந்த மனுஷனை மன்னித்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியதுண்டு.

அவள் பிழைத்துக்கொண்டாள்.

விடியற்காலையில் வியர்த்துக் கொட்டி, காய்ச்சல் விட்டது. மத்தியானம் கஞ்சி கேட்டாள், சாயங்காலம் பாலாடைக்கட்டி கேட்டாள். ஊரே சிரித்தது. ஒரு துண்டு ரொட்டிக்குச் சாவையே ஏமாற்றிவிட்டாள் என்றார்கள். உடம்பு தேறிய முதல் கர்த்தர் நாளில், தலைக்குக் குளித்து, துணி துவைத்து உடுத்தி, நேரே உள்ளே போய் முன்வரிசைப் பெண்களோடு பசில்லா பக்கத்தில் நின்றாள். முகத்தில் அப்படியொரு வெளிச்சம். உதவிக்காரர் தயங்கித் தயங்கி அவளிடம் வந்தார். கூடவே மூப்பரும் வந்தார்.

"மத்ரோனா, உன் இடம் பின்னால."

"எனக்கு அப்பம் கொடுத்தாச்சுங்களே ஐயா. நீங்கதானே கொடுத்தீங்க?"

"அது சாகறவளுக்குக் கொடுத்ததும்மா. பொழைச்சிட்டா விட்ட இடத்துலருந்து தவத்தை முடிக்கணும். அப்படித்தான் விதி."

"அப்ப செத்திருந்தா நான் உள்ளயா?"

"ஆமா."

"பொழைச்சதால வெளியவா?"

மத்ரோனா சுற்றுமுற்றும் பார்த்தாள். நாங்கள் யாரும் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. "நல்லாருக்கே கூத்து. சாகத் தெரியாம ரெண்டு தடவை மாட்டிக்கிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே பின்னால் போய் முழங்காலில் நின்றாள். கொஞ்ச நேரத்தில் "தவத்தில் இருக்கிறவர்கள் போகலாம்" என்று குரல் வந்தது. எழுந்து போனாள்.

அதற்குப் பிறகு அவள் பேச்சில் கேலி குறைந்துபோனது. கிரில்லாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "விட்டுத் தொலைம்மா. அவங்க அப்பமும் வேணாம், வாசலும் வேணாம். என் வீட்டுல ரொட்டி இல்லையா?" என்றாள்.

"உன் வீட்டு ரொட்டி வயித்துக்குடி."

"வயித்துக்குத்தானே நீ பொறந்ததுலருந்து அலையறே?"

"வயித்துக்குன்னுதான் நானும் நெனச்சிக்கிட்டிருந்தேன்" என்று சொல்லிவிட்டுச் சீப்பை எடுத்துக்கொண்டாள்.

இதற்கிடையில் கண்காணியார் மூப்பரைக் கடிந்துகொண்டார் என்று பேச்சு. காய்ச்சல்காரிக்கெல்லாம் ஓடிப்போய் அப்பம் கொடுத்தால், நாளைக்கு ஊரே மருந்து கேட்கிற மாதிரி வந்து நிற்கும் என்றாராம். இனி நன்றாகப் பார்த்து, சாவு நிச்சயம் என்றால் மட்டும் போக வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். துரோபிமோஸ் குகையிலிருந்து வந்த நாள் முதல் யாரிடமும் எதிர்த்துப் பேசாதவர். சரி என்றுவிட்டார்.

மறு பனிக்காலத்தில் மத்ரோனாவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. முதலில் இருமல், பிறகு விலாவில் குத்து, பிறகு படுக்கையோடு படுக்கை. வெளியே முழங்கால் அளவு பனி. ஒரு காலையில் அவள் உதடு நீலம் பாரித்திருப்பதைப் பார்த்துவிட்டுக் கிரில்லா மூப்பர் வீட்டுக்கு ஓடினாள். அவர் வீடு ஆற்றுக்கு அக்கரையில், மேட்டில். அவர் கதவருகே நின்றே கேட்டார்.

"மூச்சு எப்படி இருக்கு?"

"இழுக்குதுங்க ஐயா."

"பேசறாளா?"

"பேசறாங்க. இப்பக்கூட, செருப்பை மாட்டிக்கிட்டுப் போடி, பனின்னு சொன்னாங்க."

துரோபிமோஸ் முகத்தைத் தடவிக்கொண்டார். "பேசறான்னா இன்னும் நேரம் இருக்கும்மா. போன தடவை நான் அவசரப்பட்டதாலதான் அவளுக்கு அந்தக் கஷ்டம். இன்னொரு தடவை கொடுத்து, அவ பொழைச்சு, மறுபடி பின்னால அனுப்பினா அவ மனசு தாங்குமா? பேச்சு நின்னா ஓடி வா. நான் எங்கயும் போகமாட்டேன்" என்றார். அவர் சொன்னதில் இரக்கமும் இருந்தது, பயமும் இருந்தது. எது எவ்வளவு என்று அவருக்கே தெரிந்திருக்காது.

கிரில்லா திரும்பி வந்தபோது பசில்லா படுக்கையருகே உட்கார்ந்து கால் தேய்த்துக்கொண்டிருந்தாள். மகள் தனியாக வந்ததைப் பார்த்ததுமே மத்ரோனாவுக்குப் புரிந்துவிட்டது. "என்னவாம்?" என்றாள்.

கிரில்லா அழுதுகொண்டே சொன்னாள். "பேசறியான்னு கேட்டாரும்மா. பேசறன்னு சொல்லிட்டேன். எனக்குத் தெரியாதும்மா. இப்ப திரும்பப் போய்ப் பேசலன்னு சொல்லிடறேன்."

"பொய் சொல்லாத" என்றாள் மத்ரோனா. இருமி முடிக்க வெகுநேரம் ஆனது. பிறகு மகளின் கன்னத்தைத் தொட்டு, "சித்த பொறு. நீ பொய் சொல்ல வேண்டாம்" என்றாள்.

அதுதான் அவள் கடைசியாகப் பேசியது. அதற்குமேல் பேச முடியாமல் போய்விட்டது என்று முதலில் இருவரும் நினைத்தார்கள். இல்லை. கண் தெளிவாக இருந்தது, கூப்பிட்டால் திரும்பியது. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால் கண்ணை மூடித் திறந்தாள். உதட்டை மட்டும் இறுக்கி மூடிக்கொண்டாள். மகள் மறுபடி மேடேறிப் போய் "பேச்சு நின்னுபோச்சு" என்று சொன்னால் அது மெய்யாக இருக்க வேண்டும். அதற்காக, பொழுதெல்லாம் வாயாடியே வாழ்ந்தவள், வாயை மூடிக்கொண்டு கிடந்தாள். கிரில்லாவுக்கு அது விளங்கியபோது தலையில் அடித்துக்கொண்டு எழுந்து ஓடினாள். பனி இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது.

பசில்லாவுக்கு இதெல்லாம் விளங்கவில்லை. இவள் தன்மேல் கோபமாகத்தான் பேசாமல் இருக்கிறாள் என்று நினைத்தாள். கையைப் பிடித்துக்கொண்டு புலம்பினாள்.

"எம்மேல கோவமாடி? நான் உள்ள போயிட்டேன், உன்னை விட்டுட்டுப் போயிட்டேன்னுதானே? ஒவ்வொரு தடவையும் அந்தத் துண்டைக் கையில வாங்கறப்ப எனக்கு உன் மொகம்தான் வரும். திட்டேன். பொய்க்காரின்னாவது திட்டேன். ஒரு வார்த்தை சொல்லுடி, என் ராசாத்தி."

மத்ரோனா அவள் கையை அழுத்தினாள். சொல்ல ஒன்றும் இல்லாமல் இல்லை, நிறைய இருந்தது. வாய் திறந்தால் எல்லாம் வீண். வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். காற்று கதவை அசைக்கும்போதெல்லாம் அவள் உதடு லேசாகப் பிரிந்து, யாரும் வரவில்லை என்று தெரிந்ததும் மூடிக்கொண்டது. மூச்சு வரவர மேலே மேலே ஏறியது. இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும் என்றுதான் அவள் தன் உடம்பிடம் கேட்டிருப்பாள். கேட்டதைக் கொடுக்கிற உடம்பு அவளுடையது அல்ல, எப்போதும் அவளிடம் கேட்டே பழகிய உடம்பு.

ஆற்றுப் பாலத்தில் பனி உறைந்து வழுக்கியது. துரோபிமோஸ் வயசானவர் அல்ல, ஆனாலும் இரண்டு கையாலும் துணிப் பொதியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்ததால் வேகமாக நடக்க முடியவில்லை. விழுந்தால் அப்பம் விழுந்துவிடும். கிரில்லா முன்னால் ஓடுவதும், திரும்பி அவர் கையைப் பிடித்து இழுப்பதுமாக வந்தாள். தெருமுனைக்கு வந்தபோதே பசில்லாவின் ஒப்பாரி கேட்டது.

மூப்பர் உள்ளே வந்து குனிந்து பார்த்தார். மத்ரோனாவின் வாய் திறந்திருந்தது. கடைசி மூச்சுக்குத் திறந்ததுதான். கிரில்லா அவர் காலடியில் விழுந்தாள்.

"வச்சிடுங்க ஐயா. இன்னும் சூடு இருக்கு பாருங்க. தொட்டுப் பாருங்க. வாய் தொறந்துதானே இருக்கு. உள்ள வச்சிடுங்க."

"முடியாதும்மா" என்றார் அவர். "செத்தவங்க வாயில வைக்கக் கூடாது. எடுத்துச் சாப்பிடுங்கன்னு உயிரோட இருக்கறவங்களுக்குத்தான் சொல்லியிருக்கு."

"இப்பத்தான் ஐயா போனாங்க. இப்பத்தான்."

"முடியாதும்மா."

ஒரு பெயருக்கென்று எடுத்துவந்த அப்பத்தைத் திருப்பிக் கொண்டுபோவது வழக்கமில்லை. கீழே வைக்கவும் கூடாது, இன்னொருவருக்குக் கொடுக்க அந்த வீட்டில் தகுதியானவள் பசில்லா ஒருத்திதான். அவர் அவளைப் பார்த்தார். பசில்லா பதறி, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "எனக்கு வேண்டாம் ஐயா, அவ பங்கு எனக்கு வேண்டாம்" என்றாள்.

துரோபிமோஸ் துணியைப் பிரித்தார். சின்னத் துண்டுதான், விரல் நுனி அளவு. வேறு வழி தெரியாமல் அதைத் தன் வாயில் போட்டுக்கொண்டார். வாய் காய்ந்திருந்ததால் சீக்கிரம் இறங்கவில்லை. நின்றபடியே மென்றார், கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அவர் விழுங்கி முடிக்கும்வரை கிரில்லா பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு துணியைக் கிழித்து, அம்மாவின் தாடையைச் சேர்த்துக் கட்டினாள்.